எவலின் கிரேஸுக்கு வைத்த கல்

லியோனீ பெடோவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் எங்கள் கரீபியத் தீவான கரியாக்கூவில் குறைவு. சோளமும் துவரையும் விதைத்து, இரண்டு பன்றி வளர்த்து, ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தவள் அவள். பாதிரியாரின் அங்கியைக் கொடுக்கும்போதுகூட, "ஃபாதர், சோப்புக்குப் போற கறைய நான் எடுத்துட்டேன். மத்தத நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அவள் கணவன் ஜெர்வேஸ் இதற்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்த நாலிலும் இரண்டு "சரிங்க கேப்டன்" ஆக இருக்கும். எவலின் கிரேஸ் என்ற பாய்மரக் கப்பலில் அவன் சமையல்காரன்.

எவலின் கிரேஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், பொழுது சாய்ந்துவிடும். எங்கள் தாத்தாக்கள் எங்கள் கடற்கரையிலேயே கட்டிய ஸ்கூனர் அது. டிரினிடாடுக்கு ஆடு மாடு ஏற்றிப் போகும். திரும்பும்போது சுங்கக்காரன் கண்ணில் படக்கூடாததை ஏற்றி வரும். பந்தயத்தில் தோற்றதே இல்லை என்பார்கள். தோற்ற பந்தயங்களின் பழியைக் காற்றின் தலையில் போட்டுவிட்டு அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம். அதன் சொந்தக்காரர் கேப்டன் ஆல்டிரிக் மக்ஃபேடன். ஆள் வருவதற்கு முன் வயிறு வரும், வயிறு வருவதற்கு முன் பெருமை வரும்.

ஜேனட் புயல் வருகிறது என்று வானொலி சொன்ன அன்று, மற்றக் கப்பல்காரர்கள் எல்லாம் தீவின் மறுபக்கத்துக் கண்டல் காட்டுக்குள் கப்பலைக் கொண்டுபோய் மரங்களோடு கட்டினார்கள். புயல் என்றால் அதுதான் செய்வோம், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கேப்டன் மட்டும் போகவில்லை. முந்தின வாரம்தான் கப்பலுக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தார், கண்டல் கிளை உரசினால் சாயம் கீறிவிடுமாம். ஊருக்கு முன்னாலேயே நங்கூரம் போட்டு நிறுத்தினார். காவலுக்கு ஜெர்வேஸைக் கப்பலிலேயே விட்டார். பிறகு கரையேறி, வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

விடிந்தபோது கப்பலும் இல்லை, சமையல்காரனும் இல்லை. பலகைகள் மட்டும் பல நாள் கரை ஒதுங்கின. கூரையைப் பறிகொடுத்திருந்த ஊர் அவற்றை அடித்துப் பிடித்துப் பொறுக்கிக்கொண்டது. பிற்பாடு எவலின் கிரேஸை நினைத்துக் கண்ணீர் விட்டவர்களில் பாதிப் பேர், எவலின் கிரேஸின் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் அழுதார்கள்.

எங்கள் ஊரில் செத்தவரைப் புதைத்ததோடு வேலை முடியாது. சில வருடம் கழித்துக் கல் வைக்க வேண்டும். கல் வைத்து, மேளம் அடித்து, செத்தவருக்கு முதல் தட்டு வைத்து விருந்து போட்டால்தான் அவருக்கு நிம்மதி. அதுவரை கனவில் வந்து சோறு கேட்பார். லியோனீயும் போய்ப் பெரியவர்களைக் கேட்டாள்.

"ஒடம்பே கெடைக்காதவனுக்குக் கல்ல எங்கடி வைக்கிறது? கடல்லயா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் கேட்டது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. தன் புருஷனின் பெயர் ஒரு கல்லில் இருக்க வேண்டும், அவன் பெயரைச் சொல்லி ஒருமுறையாவது மண்ணில் ரம் ஊற்ற வேண்டும். அதுகூட இல்லாமல் ஒன்பது வருடம் ஓடியது. எப்பேர்ப்பட்ட வாய்க்காரியும் சில இடங்களில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் வருடம் கிரெனடாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி, எவலின் கிரேஸை "சரித்திரப் புகழ் பெற்ற கப்பல்" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனார். கேப்டனுக்குத் தலை கால் புரியவில்லை. கப்பலுக்குக் கல் வைத்து விருந்து போடுவதாக அறிவித்துவிட்டு, நேராக லியோனீ வீட்டுக்கு வந்தார்.

"கப்பலுக்கு மட்டும் ஒடம்பு கெடச்சுதா கேப்டன்?" என்று கேட்டாள் லியோனீ.

"சுக்கான் கெடச்சுதே. அதத்தான் பொதைக்கப் போறோம்."

"சுக்கானா? அது எங்க பன்னிப் பட்டிக்குக் கதவாவுல்ல இருக்கு!"

"அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றார் கேப்டன், கொஞ்சமும் கூசாமல்.

கழற்றிக் கொடுத்தாள். கதவில்லாத பன்றிகள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கேப்டன் வீட்டு வெண்டைப் பாத்தியில் போய்ப் படுத்துக்கொண்டன.

கொத்தன் பாம்ஃபீல் சிமென்டில் கல் வார்த்தான். கல்லின் கீழ்ப்பாதியில் கப்பலின் பெயர், அதற்கு அடியில் "உரிமையாளர் கேப்டன் ஆல்டிரிக் மக்ஃபேடன்". மேல்பாதி காலி. விருந்துக்குப் பிறகு நகரத்திலிருந்து ஆளை வரவழைத்துக் கப்பல் படம் செதுக்குவதாகக் கேப்டனின் திட்டம்.

ஆனால் கல் மண்ணுக்குப் போகும் முன் ஒரு வீட்டில் தங்க வேண்டும். பிணத்தைக் கிடத்துவதுபோல் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. கேப்டனின் மனைவி ஹார்ட்டென்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட்டில்லயா? அந்தச் சமையல்காரன் கனவுல வந்து நின்னு, 'என்னை ஏன் விட்டுட்டு வந்தீங்க'ன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? நீங்க கட்டிலுக்கு அடியில போயிருவீங்க. மேல படுத்திருக்கிறவ நானாச்சே!"

ஊரில் வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. கப்பலுக்காக அழுதவர்களுக்கெல்லாம் அன்று பார்த்து வீட்டில் கட்டில் உடைந்துபோயிருந்தது.

"எங்கிட்ட கொண்டாங்க" என்றாள் லியோனீ. "எம்புருஷன் எங்கிட்ட வர்றதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்?"

"ஒனக்குப் பெரிய மனசு லியோனீ" என்றார் கேப்டன். தன் கப்பலோடு தன் மானத்தையும் சேர்த்து அவள் கட்டிலில் கிடத்திவிட்டுப் போகிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை.

விருந்தன்று காலை ஊர் முழுக்கக் கேப்டன் வீட்டு முற்றத்தில் ஆட்டை உரித்துக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் மேளத்தைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லியோனீ பாம்ஃபீலுக்கு ஆள் அனுப்பினாள்.

"ஜெர்வேஸ் கனவுல வந்தாருடா. ஒன்னை உளியோட வரச் சொன்னாரு."

"என்னையா? என்னை எதுக்குக்கா?"

"நான் கேக்கல. வேணும்னா நீயே கேட்டுக்க. இன்னிக்கு ஒன் வீட்டுக்கு வரச் சொல்றேன்."

பாம்ஃபீல் உளிக்கு ஓடினான். கனவில் வந்து கேட்டதை மறுக்கும் துணிச்சல் எங்கள் தீவில் எவனுக்கும் கிடையாது.

உண்மையில், ஜெர்வேஸ் ஒரு நாளும் அவள் கனவில் வந்ததில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் அவரவர் செத்தவர்கள் வந்து மழை, விதைப்பு, மருமகள் என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒன்பது வருடமாகத் தலையணையில் தலை வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம். அந்தக் கோபமும் ஏக்கமும் அவள் நெஞ்சை அரித்தன. வராதவனை வந்ததாகச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் இடறியது. பாம்ஃபீல் அதைப் பயபக்தி என்று நினைத்துக்கொண்டான்.

உளிச் சத்தத்தை மேளம் விழுங்கியது.

நண்பகலில் ஊரார் லியோனீ வீட்டுக்கு வந்து, போர்த்திய துணிக்கு மேலேயே ரம்மும் தண்ணீரும் தெளித்து, கல்லைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஊர்வலம் போனார்கள். சுக்கானைப் புதைத்துக் கல்லை நட்டார்கள். "அந்தப் புயல்ல நான் எல்லாத்தையும் எழந்துட்டேன்" என்று கேப்டன் தழுதழுத்தார். பிறகு துணியை விலக்கிவிட்டு, படிக்கும்படி பாதிரியாருக்குச் சைகை காட்டினார்.

பாதிரியார் உரக்கப் படித்தார்: "ஜெர்வேஸ் பெடோ. சமையல்காரர். புயலன்று கப்பலில் இருந்தார்."

நிறுத்தி, இருமிவிட்டு, கீழே படித்தார்: "எவலின் கிரேஸ். உரிமையாளர் கேப்டன் ஆல்டிரிக் மக்ஃபேடன். புயலன்று கரையில் இருந்தார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹார்ட்டென்ஸ்தான் என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை.

"ஒடைங்கடா அத!" என்று கத்தினார் கேப்டன்.

ஒருவரும் அசையவில்லை. மேளக்காரக் கிழவர் கஃபி மட்டும் வாயைத் திறந்தார். "கட்டில்ல படுத்து, ரம் குடிச்சு எந்திரிச்சு வந்தாச்சு கேப்டன். இனிமே அது கல்லு இல்ல, ஆளு. ஒடைக்கணும்னா நீங்களே ஒடைங்க."

கேப்டன் கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, விருந்துக்கு நேரமாயிற்று என்று நடையைக் கட்டினார்.

செத்தவர் சாப்பிட்ட பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் வாயில் வைக்கலாம். செத்தவர் சாப்பிட்டாயிற்று என்று சொல்ல வேண்டியது, கல் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டதோ அந்த வீட்டுக்காரி. லியோனீ ஆட்டுக்கறியும் சோளக்களியும் துவரையும் பரிமாறித் தன் வீட்டு மேசையில் வைத்தாள். கப்பலில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியைச் சுரண்டித் தின்றவன் ஜெர்வேஸ். அவனுக்கென்று யாரும் முதலில் பரிமாறியதே இல்லை. ஓரமாக ஒரு கோப்பை ரம்மும் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஊர் சுற்றி நின்றது, கறி வாசம் எல்லோரையும் வாட்டியது.

"லியோனீ, ஆச்சா?" என்றார் கேப்டன்.

"இன்னும் இல்ல."

நிழல் படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. கேப்டனின் வயிற்று இரைச்சல் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"இன்னுமா சாப்பிடறான்?"

லியோனீ முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் வழிந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒம்போது வருசப் பசி கேப்டன். மெதுவாத்தான் சாப்பிடுவாரு. நில்லுங்க."

கேப்டன் நின்றார்.