என் மனைவியின் வீட்டில் வசந்தம்

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு கல்முனைக்குப் போனேன். அந்த வீட்டை மாமனார் தன் மகளுக்காகக் கட்டியிருந்தார். சுவருக்கு என்ன நிறம், எந்தக் கதிரை எங்கே கிடக்க வேண்டும் என்பதெல்லாம் நான் போகுமுன்பே முடிவாகியிருந்தன. எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். வயலைப் பார்த்தேன். தொழுகைக்குப் பள்ளிக்கும் கதைக்கத் தேநீர்க்கடைக்கும் போனேன். வீட்டை எப்படி வைத்திருப்பது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு அகப்பட்டது இது ஒன்றுதான். இதுவும் போதுமா என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மார்ச் மாதம் மனைவி கட்டாருக்குப் போனாள். மகளும் மருமகனும் அங்கேதான். மகளுக்கு முதல் பிரசவம். உம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். பெரும்போக நெல் வெட்டி முடிந்திருந்தது. வயலில் தாள்கட்டை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் தனியாள். பக்கத்து வளவில் இருக்கும் மனைவியின் தங்கைதான் மத்தியானச் சோறு கொண்டுவந்து தருவாள்.

குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. எப்படித் திருத்துவது என்று போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோ முடிய, அடுத்தது தானாக ஓடியது. தடித்த குளிர்ச்சட்டை போட்ட ஒரு பெண் மேசை முன்னால் இருந்தாள். அவள் பேசியது ஆங்கிலமுமில்லை, அரபுமில்லை. மேலே ‘ஸ்பிரிங்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் எழுதியிருந்தது. குழாய்க்குள் போடுகிற சுருள் கம்பியைத்தான் காட்டப் போகிறாள் என்று நான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முட்டை அடுக்கி வரும் மட்டையை எடுத்துக் கத்தரிக்கத் தொடங்கினாள். கம்பி எப்போது வரும் என்று காத்திருந்தேன். மட்டை பூவானது. அவளுக்குப் பின்னாலிருந்த யன்னலில் பனி குவிந்து கிடந்ததைக் கண்டபோதுதான் அவள் வசந்த காலத்துக்காக வீட்டை அலங்கரிக்கிறாள் என்று விளங்கியது.

எங்களுக்கு மழைகாலம் உண்டு, வெயில்காலம் உண்டு, கச்சான் காற்று அடிக்கிற காலம் உண்டு. வசந்தம் பாடப்புத்தகத்திலும் சினிமாப் பாட்டிலும் வருகிற ஒன்று. வெளியே மணல் கொதித்தது. நான் குழாயை விட்டுவிட்டு, மனைவி அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருந்த முட்டை மட்டைகளில் ஒன்றை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். இன்றுவரை ஒரு மறுமொழி கிடைக்கவில்லை.

ஒரு குழியைத் தனியே வெட்டி எடுத்து, விளிம்பை நாலாகப் பிளந்து, ஒவ்வொரு நுனியையும் வளைத்துக் கத்தரித்தால் இதழ். ஒன்றைச் சற்றுத் திருப்பி இன்னொன்றுக்குள் வைத்தால் அடுக்குப் பூ. கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சிப் பசை செய்தேன். பீட்ரூட் அவித்த தண்ணீரில் தோய்த்ததும் சாம்பல் நிற மட்டை மங்கலான ரோசாவானது. மஞ்சள் தண்ணீரில் தோய்த்தது பழுத்த இலைபோல வந்தது. முதல் பூ நசுங்கிய தொப்பிபோல இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ பூ என்று சொல்லும்படி வந்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் குசினியில் நின்றேன். யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாரும் கண்டுவிடக் கூடாது போலவும் இருந்தது.

அடுத்த நாட்களில் அது பெருகிவிட்டது. காய்ந்த கொய்யாக் கொப்பு ஒன்றைப் பால்மா டின்னில் கடற்கரை மணல் நிரப்பி நட்டு, கொப்பெல்லாம் பூ ஒட்டினேன். பிளாஸ்டிக் சோடாப் போத்தலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களானால் அது ஐந்து இதழ்ப் பூ. இவ்வளவு காலம் கணிதம் படிப்பித்தவன் அதைக் கவனிக்கவில்லை. அடிகளை வெட்டி, மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கோத்து, முன் கூடமான சாலையின் யன்னலுக்குத் திரைபோலத் தொங்கவிட்டேன். வெயில் பட்டால் நிலத்தில் பச்சையும் வெள்ளையுமாக வட்டங்கள் அசையும். வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து கம்பியில் சுற்றி வளையமாக்கி, அதில் பூக்களைச் செருகினேன். அதை வாசல் கதவில் மாட்ட வேண்டியிருந்தது. சுத்தியலை ஓங்கியபோதுதான் நினைத்தேன்: இந்த வீட்டில் நான் அடிக்கிற முதல் ஆணி இது. யாரிடமோ அனுமதி கேட்க வேண்டும் போலத் தயங்கி நின்றேன். பிறகு அடித்துவிட்டேன்.

மனைவியின் தங்கை சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

“மச்சான், என்ன விசேஷம்?”

“ஒண்டுமில்ல. வசந்தம்.”

“அது ஆரு?”

“ஆருமில்ல புள்ள. காலம். குளிர் நாட்டில பனி கரைஞ்சதும் வாற காலம்.”

அவள் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். காகம்கூட நிழலுக்குள் ஒதுங்கியிருந்தது. “இஞ்ச எங்க பனி?” என்றாள்.

அவள் பாத்திரத்தை மேசையில் வைத்து, சாலையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே போனாள்.

அடுத்து வந்த பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி வாசலில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் கதையை நிறுத்தினார்கள். தேநீர்க்கடையில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழைய நண்பர் பிளேன்டீயை என் பக்கம் தள்ளிவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“வசந்தமெண்டு ஆள், பாண்டிருப்பு ஊராமே? டீச்சரா?”

“எந்த ஆள்?”

“மறைக்காதீங்க. நீங்க கொஞ்சக் காலம் அங்க படிப்பிச்சதானே. ஊட்டையெல்லாம் சோடிச்சு வெச்சிரிக்கிறயாம். பொண்டாட்டி வெளிநாட்டில. இந்த வயசில இதெல்லாம் தேவையா?”

எனக்கு விளங்கவே சிறிது நேரம் எடுத்தது. சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. “அது முட்டை மட்டைப் பூ” என்று தொடங்கினேன். பனி, வெளிநாட்டுப் பெண், போத்தல் அடி என்று சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது பொய்போலக் கேட்டது. வெளிநாட்டுப் பெண் என்றதும் நண்பரின் புருவம் இன்னும் உயர்ந்தது. உண்மையை இவ்வளவு நம்ப முடியாமல் சொல்கிற ஒருவனை நான் அதுவரை கண்டதில்லை.

“சும்மா ஆராவது ஊட்டுக்குப் பூ கட்டுவாங்களா?” என்று கேட்டார் அவர். கேள்வி நியாயமானது. எங்கள் ஊரில் வாசலில் அலங்காரம் தெரிந்தால் கலியாணம், குடிபுகுதல், ஹஜ்ஜுக்குப் போனவர் வருகிறார். ஒன்றுமில்லாமல் ஒருவரும் செய்வதில்லை.

அன்று மாலையே மனைவி வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்தாள். ஸலாம் சொன்னாள். மகளின் கால் வீக்கம் பற்றிச் சொன்னாள். பிறகு, “ஊட்டைக் காட்டுங்க” என்றாள்.

போனின் பின்பக்கக் கமராவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொப்பைக் காட்டினேன், யன்னலைக் காட்டினேன், கதவைக் காட்டினேன். திரையில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. சாலைக்குத் திரும்பியதும் நானாகவே சொன்னேன்:

“தங்கச்சி சொன்னதைக் கேட்டு ஒண்டும் நினைக்காத. அது பொம்பிள இல்ல. காலம்.”

“அது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு வேற ஆளும் கிடைக்காது, வந்து விழ எவளுக்கும் விசர் இல்ல.” சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “நான் கேக்கிறது வேற. நான் இரிக்கக்குள்ள ஒரு பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினீங்களா? யன்னல் சீலை மாத்தினா நாலு நாள் கழிச்சும் ஒங்களுக்குத் தெரியாது. நான் இஞ்சால வந்து ஒரு மாசம் இல்ல, ஊடு பூத்துக் கிடக்கு. நான் இல்லாதது ஒங்களுக்கு அவ்வளவு சந்தோசமா?”

வதந்திக்கு நான் மறுமொழி தயார் பண்ணி வைத்திருந்தேன். இதற்கு இல்லை. இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பூக்களைச் செய்த நாட்களில் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். அவள் இல்லாததாலா? இருந்திருந்தால் செய்திருப்பேனா? செய்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது. அப்படியானால் அவள் சொல்வது சரியா? அதுவும் இல்லை, அவள் குரல் இல்லாத வீட்டில் மத்தியானச் சோறு எனக்கு இறங்குவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. அந்த நேரத்தை அவள் மறுமொழியாக எடுத்துக்கொண்டாள் போலும்.

“சரி, நான் வெச்சிடுறன்” என்றாள்.

“எல்லாத்தையும் கழட்டிர்றன்” என்றேன் அவசரமாக.

“கழட்டாதீங்க. நான் வந்து பாக்கணும்.”

அன்றிரவே பூக்கொப்பைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் சொன்னது கோபமா, ஆசையா? மகளிடம் கேட்டால் தெரியுமென்று அடுத்த நாள் கேட்டேன். “உம்மா அதைப் பத்திக் கதைக்கிறல்ல, வாப்பா. ஆனா நீங்க அனுப்பின படத்த மட்டும் அடிக்கடி எடுத்துப் பாக்கிறா” என்றாள். குழப்பம் இன்னும் கூடியது. ஒருநாள் காலை கழற்றிவிட முடிவு செய்து கதிரையில் ஏறுவேன். கழட்டாதீங்க என்றாளே என்று இறங்குவேன். புதிதாக ஒன்றும் செய்யத் துணிவும் வரவில்லை. மாப் பசைக்கு எறும்பு வந்தது. பீட்ரூட் நிறம் மங்கிப் பழையபடி சாம்பலானது.

பேரன் சுகமாகப் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ். பிரசவத்தின் நாற்பது நாள் கழித்து, மேலும் சில நாட்கள் நின்று, கச்சான் காற்று புழுதி வாரி இறைக்கிற ஒரு பகலில் மனைவி வந்து இறங்கினாள். அபாயாவைக் கழற்றவில்லை, தண்ணீர் வேண்டாம் என்றாள். நேராகக் கொப்படிக்குப் போய் ஒரு பூவை விரலால் தொட்டாள். எறும்பு அரித்த பூக்களைப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்தாள். யன்னலடிக்குப் போய்ப் போத்தல் பூக்களைக் கையால் அளைந்து பார்த்தாள். அவை கலகலவென்று மோதின. நான் பரீட்சை மண்டபத்தில் நிற்கிற பிள்ளைபோலப் பின்னால் நின்றேன்.

“எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானும் இரிந்து செஞ்சிருப்பன்தானே” என்றாள், என்னைப் பாராமல்.

“நீ இரிந்திருந்தா எனக்கு இது வந்திருக்காது.” வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பினாள். “அதுதான் எனக்கு வெளங்கல்ல.”

“எனக்கும்தான் வெளங்கல்ல.”

பிறகு அவள் கையிலிருந்த பூக்களைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் அவளைப் பார்க்கச் சனம் வரத் தொடங்கியது. தங்கை, அவள் புருசன், தெருப் பெண்கள். நண்பர்கூடத் தன் மனைவியோடு வந்தார். எல்லோரும் பேரனின் படத்தைப் பார்த்தார்கள். அவள் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் கொப்புக்கும் யன்னலுக்கும் போய்ப் போய் வந்தது. கடைசியில் நண்பரின் மனைவிதான் கேட்டாள்.

“இது என்ன இது, புதுசா?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் செய்யச் சொன்ன” என்றாள் என் மனைவி, பேரீச்சம்பழத் தட்டை நீட்டியபடி. “பேரன் பிறக்கப் போறான், ஊடு வெறுசா கிடக்கக் கூடா எண்டு. போன்ல ஒவ்வொண்டா நான் சொல்லச் சொல்ல இவர் செஞ்சார். கையால செய்ற வேலை இவருக்கு வராது, அதான் கொஞ்சம் கோணல்.”

“அப்படியா?” என்று நண்பர் என்னைப் பார்த்தார்.

“ஓம்” என்றேன்.

பெண்கள் எழுந்து பூக்களைச் சுற்றி நின்றார்கள். எந்த மட்டை, எந்தச் சாயம் என்று கேட்டார்கள். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பாதி சரி, பாதி அவளே இட்டுக்கட்டியது. நான் திருத்தவில்லை. என்னை ஊர் வாயிலிருந்து காப்பாற்றுகிறாளா, என்னுடையது ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாளா, அல்லது தன்னை விட்டுவிட்டுச் செய்த ஒன்றுக்குள் இப்படித்தான் நுழைகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் களைத்திருந்தாள். தட்டுகளை நான் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.