ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

கல்லூரி விரிவுரையாளர் வேலையில் பாடம் நடத்துவதுதான் லேசான பகுதி. சமூக சேவை முகாமுக்குப் பொறுப்பாசிரியராகப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். போகாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

தலையில் விழுந்தது

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர், "கோடை விடுமுறையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போக யார் தயார்?" என்று கேட்டார். அத்தனை பேருக்கும் திடீரென்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரன், அந்தப் பக்கம் தெரிந்தவன் என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். துணைக்குப் பௌதிக விரிவுரையாளர் சாரங்கபாணி. மலையனூர் சாலையில் ஒரு சேரிக்குக் குடிநீர்க் கிணறு வெட்ட வேண்டும் என்று தெரிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "குழி தோண்டறதுக்கு எம்.எஸ்ஸி. எதுக்கு சார்?"

வேப்பங்கன்று

அந்தச் சேரிக்கென்று தண்ணீர் கிடையாது. ஊர்க் கிணற்றை அவர்கள் தொடக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் பம்ப்செட் போடும்போது வாய்க்காலில் மொண்டால் உண்டு; கரண்டு போனால் காலிக் குடத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாள் பெண்கள் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சலை என்பவர் மட்டும் வாயைத் திறந்தார். இடுப்பில் குடம், முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. "போன வருசமும் ஒரு காலேஜில இருந்து வந்தாங்க சாமி. வேப்பங்கன்னு நட்டுட்டுப் போனாங்க. எங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, கன்னுக்கு இன்னாத்த ஊத்தறது?"

மாலை

செஞ்சிப் பக்கம் எங்கே தோண்டினாலும் மலையின் தம்பி ஒருவன் உள்ளே படுத்திருப்பான். எங்களுக்கும் பாறை தட்டியது. மாணவர்களின் கடப்பாரை மழுங்கியதே தவிர ஈரம் தெரியவில்லை. அதற்குள் முகாம் முடியும் நாள் வந்துவிட்டது. நிறைவு விழாவைத் தள்ளிவைக்க யாரால் முடியும்? மைக் செட் வந்துவிட்டது, விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். வறண்ட குழிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எனக்கு மாலை போட்டார்கள். அவமானமாக இருந்தது. அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் குழியை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி தண்ணி மட்டுந்தான் இல்ல சார். இப்ப ஆடு மாடு உள்ள வுழாம வேற பாத்துக்கணும்."

வழக்கம்

அடுத்த முகாமையும் அதே சேரியில் போட அனுமதி கேட்டேன். வருடத்துக்கு ஒரு புதிய கிராமம் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். முதல்வர் கெட்டவர் அல்ல. வழக்கத்தை மீறினால் தூக்கம் வராதவர். "ஒரே ஊருக்கு ரெண்டு வருஷம் போனா, முதல் வருஷம் என்ன பண்ணினீங்கன்னு மேலே கேப்பாங்களே!" என்று கையை விரித்துவிட்டார்.

ஆசிரியர் அறைக்கு வந்து கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் எறிந்தேன். நடந்ததைக் கேட்ட சாரங்கபாணி கிண்டல் செய்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "ஞாயித்துக்கிழமை எனக்கு கிளாஸ் இல்ல சார். உங்களுக்கு?" என்றார்.

பஸ்ஸில்

முதலில் நாங்கள் இருவர்தான் போனோம். பிறகு வெட்கப்பட்டோ பரிதாபப்பட்டோ சக ஆசிரியர்கள் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பாறைக்கு வெடி வைக்கச் செஞ்சியிலிருந்து ஆள் கூட்டிப் போனோம். உடைந்த கல்லைச் சேரிக்காரர்களும் நாங்களுமாக மேலேற்றினோம். சாரங்கபாணியின் உள்ளங்கை கொப்புளித்துப் புண்ணாகி, திங்கட்கிழமைகளில் கையில் துணி சுற்றிக்கொண்டுதான் சாக்பீஸைப் பிடித்தார். ஒரு ஞாயிறு அமாவாசையாக வாய்த்தது. மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நசுங்கி நின்ற எங்களைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்: "கோயிலுக்குக் கடப்பாரையோட போறவங்கள இப்பத்தான் பாக்குறேன். இன்னா வேண்டுதல் சார்?"

முதல் சொம்பு

ஒருவழியாக ஊற்றுக்கண் திறந்தது. கோவிந்தன் உள்ளேயிருந்து கத்தினார். மேலே நின்ற பெண்கள் அழுதுவிட்டார்கள். எனக்கும் கண் நிறைந்தது.

கலங்கல் தெளிந்ததும், அடுத்த ஞாயிறு, அஞ்சலை முதல் சொம்பை மொண்டு சாரங்கபாணியிடம் நீட்டினார். எங்களில் அதிகம் உழைத்தவர் அவர்தான். வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். சேரித் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்க மறுத்தது. மெல்லச் சொம்பைச் சாய்த்துக் கையில் ஊற்றிக்கொண்டார். அடுத்த சொம்பை நான் வாங்கிக் குடித்தேன். அதில் பெருமை ஒன்றுமில்லை, நல்ல தாகம். ஆனால் அவர் என் நண்பர். அதனால் நெஞ்சு வலித்தது. அஞ்சலை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலில் கோபமே இல்லை: "நல்லாக் கழுவிக்குங்க சார். இப்பத்தான் அதுக்கும் தண்ணி இருக்குதே."

கல்லூரி வாத்தியார்களின் சமூக சேவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீரை வரவழைப்பது சுலபம், வந்ததை வாங்கிக் குடிப்பதுதான் பெரும்பாடு.