நந்தியாற்று மேல் ஊற்று

“…தெரியாம என்ன சாமி? மேல் ஊத்துல இறங்குனது யாருன்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று நாகம்மா சொன்னாள். பங்குனி வெயிலில் ஆற்று மணல் காலைச் சுட்டது. நான் என் நைனாவின் வேட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எழுபதுகளில், அறுப்பு முடிந்ததும் வருடாவருடம் ஆந்திரப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு, சட்டிபானையைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கு வந்துவிடுவார்கள் அந்த ஆட்டுக்காரர்கள். நாகம்மா அவர்களில் ஒருத்தி. வறண்ட நந்தியாற்றில்தான் குடித்தனம். வந்த அன்றே மணலில் மேலிருந்து கீழாக மூன்று ‘ஊத்து’ தோண்டுவார்கள்: மேலே குடிக்க, அதை முள்கிளையால் மூடியிருப்பார்கள், நடுவில் துணி துவைக்க, கடைசி ஆடுகளுக்கு. ‘வெளிக்கி’ போவதென்றால் மூன்றையும் தாண்டி வெகுதூரம் கீழே போவார்கள். எங்கள் நெசவுத் தெருக்காரர்களோ சொம்போடு கிடைத்த இடத்தில் ஒதுங்குகிறவர்கள். “நம்ம தெரு ஆம்பளைங்க நாலடி நடந்தா காலு தேய்ஞ்சிடும், கரையிலயே குந்திடுவாங்க” என்று அம்மா, நைனாவின் காதில் விழும்படியாகவே சொல்வாள்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு காலையில் வயிற்றைக் கலக்க, சொம்பில்லாமலே ஆற்றுக்கு ஓடினேன். கழுவுவதற்குக் கடைசி ஊற்றுக்குப் போனால், அவர்கள் நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பயத்தில் மேலே ஓடி, முள்கிளையை இழுத்துப் போட்டு, கண்ணாடியாய்க் கிடந்த அந்தத் தண்ணீரிலேயே இறங்கிக் கழுவிவிட்டேன். நிமிர்ந்தால், எட்டத்தில் இடுப்பில் குடத்தோடு நாகம்மா. “ஏ பாப்பா!” என்றாள். ஓட்டம் பிடித்தேன். அவள் அதை இறைத்துக் கொட்டினாளா, அதற்குமுன் யாராவது குடித்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அவளுடைய குழந்தைக்கு வாந்திபேதி. “காலராவைக் கொண்டாந்துட்டானுங்க” என்று தெரு கொதித்தது. குழந்தை செத்தால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்று தறிக்குழிக்குள் ஒடுங்கிக் கிடந்தேன். ஆண்கள் திரண்டு ஆற்றுக்குக் கிளம்பியபோது, போலீஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்து நைனாவோடு ஒட்டிக்கொண்டேன்.

“எங்க ஆத்தை நாறடிச்சிகினு இருக்கீங்க. பொழுது சாயறதுக்குள்ள கெளம்புங்க” என்றார் தெருப் பெரியவர்.

“புள்ளைக்கு ஆவல சாமி. இதைத் தூக்கிகினு எப்படி நடக்கிறது?” என்றான் நாகம்மாவின் புருஷன். “முள்ளை இழுத்துப் போட்டு மேல் ஊத்துல யாரோ எறங்கியிருக்காங்க. எங்காளுங்க அதுல காலே வெக்கமாட்டாங்க.”

“அப்ப யாரு? மலைமேல இருக்கிற சாமி எறங்கி வந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் நாகம்மா வாயைத் திறந்தாள்.

“யாரு? சொல்லு, சொல்லிட்டு இங்கயே இரு” என்று அதட்டியது என் நைனா.

அன்று மாலையே அவர்கள் போய்விட்டார்கள். குழந்தை பிழைத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கிறது. ஆற்றில் ஊற்று தோண்டத்தான் மணல் இல்லை. எப்போதாவது வருகிற ஆட்டுக்காரப் பெண்கள் பெட்ரோல் பங்க் குழாயடியில் பிளாஸ்டிக் கேனோடு, யாராவது விரட்டும்வரை நிற்கிறார்கள்.

அன்று நைனா கேட்டதற்கு ஒரு வார்த்தை போதும், அவர்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். நாகம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, துவண்டு கிடந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, ஒற்றைக் கையால் மணலைத் தள்ளித் தள்ளி அந்த மேல் ஊற்றை மூடினாள்.