இரண்டாம் முறை வளைந்த வளையம்

வேர்க்கடலைக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வருவதால் என் பெயரில் ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் உண்டு. குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. தேர்தல் வரும்போதெல்லாம் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு உறுப்பையும் நோட்டில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுவது என் வழக்கம்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியிலிருந்து எடுக்கும்போது துப்பாக்கி கை நழுவி விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையம் வளைந்து விசையில் முட்டிக்கொண்டது. கண் ஆபரேஷன் முடிந்து அன்று ஐம்பத்திரண்டாம் நாள். பார்வைதான் காரணம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து என் மனைவியின் தம்பி ஓடி வந்தான்.

"இதுக்குத்தான் சொல்லிக்கினே கீறேன் மாமா. ஒனக்கு இன்னாத்துக்கு இனிமே துப்பாக்கி? லைசன்ஸ என் பேருக்கு மாத்திடு."

"அவன் சொல்றது நாயந்தானே" என்றாள் மனைவி.

லைசன்ஸ் மாற்றும் படிவத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னேன். பழுதான பொருளைக் கொடுக்க மனம் வரவில்லை. வியாழனன்று வளையத்தை மட்டும் கழற்றி, நோட்டோடு உத்திரமேரூர் கொல்லுப் பட்டறைக்குப் போனேன். கொல்லர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, மறுபடியுமா?"

"மறுபடியும்னா?"

"பொங்கலுக்கு முன்ன ஒம் மச்சான் கொண்டாந்தாரே. பன்னியத் தொரத்திக்கினு ஓடி பாறைல வுட்டுட்டாராம். நெருப்புல வச்சித்தான் நிமித்தணும்னேன். 'மாமா ஆஸ்பத்திரிலருந்து வர்றதுக்குள்ள வேணும், அப்டியே அடிச்சிக் குடு'ன்னு நின்னுக்கினாரு. காச்சாம அடிச்ச இரும்பு எத்தினி நாளு தாங்கும்?"

வளைவின் உட்புறம் பழைய சுத்தியல் தடங்களைக் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நோட்டில் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது: 'மச்சான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். பொறுப்பானவன்.'

மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, மெல்லத் தட்டி, ஆறவிட்டு, என் பென்சில் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். மூன்றாம் முறை வளையம் கோட்டோடு அப்படியே பொருந்தியது.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தான். வளையத்தை அவன் முன்னால் வைத்தேன். கொல்லர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒரே ஒரு தபா மாமா. சுடக்கூட இல்ல."

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அக்காதான் பொட்டி சாவி குடுத்துச்சி."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஐம்பத்து நான்கு நாட்களாகக் காலையும் மாலையும் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டவள். கை தவறிப் போட்டேனே என்று நான் புலம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமையும் இமையைப் பிடித்துக்கொண்டு விட்டாள். சாவி கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அன்று மாலை மருந்தை நானே விட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது.