தொப்புளுக்கு மேலே ஒரு தழும்பு

பாக்கியமேரியை நிறுக்க எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் இருந்த தராசு போதவில்லை. முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. டிஸ்பென்சரியை நடத்திய பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி சிஸ்டர் மார்த்தீன், வேறு வழி தெரியாமல் அவளைக் கம்பைநல்லூர்ப் புளி மண்டிக்கு அழைத்துப் போனார். மூட்டை நிறுக்கும் பலகைத் தராசில் அவள் ஏறி நின்றாள். அன்று சந்தைநாள். மூட்டைக்குச் சொல்வதுபோலவே அவள் எடையையும் மண்டிக்காரன் மாயவன் கூவிச் சொன்னான். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் புளிமூட்டை என்று பெயர்.

அவள் அந்த டிஸ்பென்சரியில்தான் வேலை பார்த்தாள். சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பாள், கட்டுத்துணி துவைப்பாள். தாய் இல்லை. அப்பா யாகப்பன் கடலைக்காட்டு விவசாயி. மகள் தன்னைவிடக் குறைவாகக் களி தின்பதைத் தினமும் பார்த்தவர் அவர். ஆனால் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த காரணமே வேறு. தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். 'போசனப்பிரியம்' வரும்போது எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பும். அவளுக்காகத் தனியாக உபவாசம் விதித்தவர் உபதேசியார் சின்னப்பன். தவக்காலம் முழுக்க ஒருவேளைக் கஞ்சி. எடை குறையவில்லை, அவள் மயங்கி விழுந்ததுதான் மிச்சம். ஓர் உடம்பு ஏன் இப்படி ஆகிறது என்று கேட்க இந்த ஊருக்குத் தெரியாது. என்ன பாவம் செய்தாள் என்று கேட்க மட்டும் தெரியும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ரெண்டு டிக்கெட் கிழிப்பான். "இவ செத்தா மாட்டுவண்டிதாம்பா புடிக்கணும், நம்ம தோளு தாங்காது" என்று கல்லறைக்குக் குழி வெட்டும் சென்றாயன் டீக்கடையில் சொன்னதற்கு ஊர் ஒரு வாரம் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்கள்.

முழங்கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியபோது சிஸ்டர் மார்த்தீன் ஒரு முடிவுக்கு வந்தார். அவருடைய அண்ணன் பிரான்சில் லியோன் என்கிற நகரத்தில் அறுவை மருத்துவர். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகத் தைத்துப் பிரித்துவிட்டால் கொஞ்சம் தின்றதுமே வயிறு நிறைந்துவிடும், எடை இறங்கும் என்று அங்கே செய்து வந்தார்கள். எண்பத்து நாலில் சிஸ்டர் விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போனபோது பாக்கியமேரியையும் கூட்டிப் போனார்.

லியோனைப் பற்றி அவள் பிற்பாடு சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆஸ்பத்திரியில் நாற்காலிகள் அகலமாக இருந்தன. உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிஸ்டர் உடம்பு முடியாமல் அங்கேயே தங்கிவிட, ஆறேழு மாதம் கழித்து அவள் தனியாகத் திரும்பி வந்தாள். அடுத்த வருஷத்துக்குள் பாதியாக இளைத்தாள். மூச்சு முட்டவில்லை. கம்பைநல்லூர் வரைக்கும் நடந்து போய் வந்தாள். முதல் மனைவியை இழந்த அருள்நாதன், பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை செய்பவன், அவளைப் பெண் கேட்டு வந்தான். யாகப்பன் அந்தி ஜெபத்தில் அழுதார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசையில் அறிவிப்பது அது. இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதற்கு முன்னால், பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்த பாக்கியமேரியின் ஈரப்பாவாடை நழுவியதை எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அருள்நாதனின் சின்னம்மா சாலம்மாள் பார்த்துவிட்டாள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் நேராக ஒரு தழும்பு.

அன்று மாலையே பங்குச்சாமியார் பங்களா வராந்தாவில் கூட்டம். சாமியார் ஊருக்குப் புதிது, இளவயது. சாலம்மாள் குரலை உயர்த்தவே இல்லை.

"சீமைக்குப் போகும்போது வயிறு இருந்துச்சுங்க சாமி. வரும்போது இல்ல. எங்க போச்சுன்னு கேக்கறது தப்புங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குண்டாக இருந்தவளுக்கு மாசமாக இருந்தாலும் யாருக்குத் தெரிந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. உடம்பு குறைய வயிற்றைக் கிழிப்பார்களா, எந்தப் பைத்தியக்காரன் நம்புவான் என்றார் சின்னப்பன். சிஸ்டருக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரட்டும் என்று யாகப்பன் சாமியாரின் காலைப் பிடித்தார்.

"எழுதுனா என்ன வரும் யாகப்பா?" என்றார் சின்னப்பன். "வெள்ளக்காரி வெள்ளக்கார டாக்டரத்தான் காப்பாத்துவா."

இரண்டு பெண்கள் அவளை உள்ளே கூட்டிப் போய்ச் சோதிக்கட்டும் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள்நாதன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவனில்லை, வாய் இருந்தும் திறக்காதவன். இந்த நாட்டில் அநியாயம் செய்கிறவர்கள் மலைபோல நம்பியிருப்பது இப்படிப்பட்ட நல்லவர்களைத்தான்.

பாக்கியமேரி முன்னால் வந்தாள்.

"மண்டித் தராசுல என்னைய ஏத்துனப்ப ஊரே பாத்துச்சு. உள்ள கூட்டிட்டுப் போயி நிறுங்கன்னு அன்னிக்கு ஒருத்தரும் சொல்லல. இப்ப மட்டும் எதுக்கு உள்ள?"

சேலையை ஒதுக்கிக் காட்டினாள். ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் பார்த்தார்கள்.

"இருக்குதுல்ல," என்றாள் சாலம்மாள். "நாஞ் சொன்னது பொய்யில்லைல்ல."

அவ்வளவுதான். அவள் காட்டியது அவளுக்கே எதிர்ச்சாட்சி ஆயிற்று. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பெண்கள் அந்த வராந்தாவிலேயே மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் தழும்பெல்லாம் தொப்புளுக்குக் கீழே. இவளுடையது மேலே. நெஞ்சுக்குழிக்கடியில் எந்தப் பெண் பிள்ளை சுமக்கிறாள்? அவரவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். ஆனால் தொட்டுப் பார்ப்பது ஒரு வேலை. பழி சொல்ல நாக்கு மட்டும் இருந்தால் ஆயிற்று.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. விசாரணையில் இருக்கிறது என்றார் சாமியார். பேர் கெட்ட பெண்ணை வைத்துக்கொண்டால் நோயாளிகள் வரமாட்டார்கள் என்று டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த சிஸ்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். சாமியார் எழுதிக் கேட்டதற்கு, அது இரைப்பை அறுவைதான் என்று சிஸ்டர் மார்த்தீனிடமிருந்து கடிதம் வந்தபோது அருள்நாதனுக்குப் பாலக்கோட்டிலேயே வேறு பெண் பேசி முடித்திருந்தார்கள். சாமியார் கடிதத்தை யாகப்பனிடம் தனியாகக் கொடுத்து, வருத்தம் தெரிவித்தார். பழியை வராந்தாவில் ஊரறியச் சொல்லலாம். அது பொய் என்பதை மட்டும் காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அதன்பிறகு பாக்கியமேரி தின்ன ஆரம்பித்தாள்.

ஒரு கை அளவுக்குமேல் கொள்ளாத வயிற்றுக்குள் களியைத் திணித்தாள். யாகப்பன் தட்டைப் பிடுங்கியபோது அவள் கோபப்படவில்லை.

"மூட்டையாவே இருந்திருக்கலாம்ப்பா. அப்ப சிரிச்சாங்க, அவ்வளவுதானே."

உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. கொல்லையில் அவள் குனிந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டதும் வேலிக்கு அந்தப் பக்கம் ராயம்மாள், "மறுபடியுமா?" என்றாள். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

மாதக்கணக்கில் வாந்தி. கால் மரத்தது. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னாள். தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவளை டி.பி. என்று நினைத்தார்கள். இரைப்பையைத் தைத்த கதையை யாகப்பன் சொல்லிப் பார்த்தார். காட்டுவேலை செய்கிறவர் சொல்லும் வைத்தியத்தை யார் காதில் வாங்குவார்கள்? உள்ளே எதுவுமே தங்காத உடம்புக்குச் சத்து ஊசி போட்டிருக்க வேண்டும். பிற்பாடு சேலத்தில் ஒரு டாக்டர் சொல்லித்தான் இது தெரிந்தது. அந்த ஊசி எங்கள் டிஸ்பென்சரி அலமாரியிலேயே இருந்தது. அதைப் போடும் சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் படி மட்டும் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாந்திக்கு ஏதாவது கொடுங்கள் என்று யாகப்பன் போய்க் கேட்டதற்கு, ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை என்றார்கள். ஆளைப் பார்க்கத் தெருவுக்குள் வர யாரும் தயாராக இல்லை.

எண்பத்தெட்டு ஐப்பசி மழையில் அவள் செத்துப்போனாள்.

பெட்டி தூக்க ஆறு பேர் வந்திருந்தார்கள். கோயில் திருப்பத்தில் இருவர், இதற்கு நாங்கள் எதற்கு என்று விலகிக்கொண்டார்கள். கல்லறை மேட்டுச் சேற்றில் இன்னும் இருவர் பின்தங்கினார்கள். கடைசியில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னால் தூக்கிப் போனவன் குழி வெட்டும் சென்றாயன். குழியருகே பெட்டியை இறக்கியவன் தோளைத் தடவிக்கொண்டு, "பாரமே இல்லீங்க மாமா" என்றான்.

யாகப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை, ஆறுதலாகத்தான் சொல்லியிருந்தான்.