என் பெயரில் எடுத்த வண்டி

என் கணவருக்குக் கடன் என்றால் ஆகாது. படிப்புக்கு வாங்கிய கடனை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே அடைத்துவிட்டு, இனி யாரிடமும் கைநீட்டுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டவர். நல்ல குணம்தான். அதைக் கொண்டுபோய் ஒரு பிரெஞ்சு வங்கியில் காட்டியதில்தான் வினை வந்தது.

துலூஸ் நகரத்துக்குக் குடிபோன புதிதில் இருவரும் கணக்குத் தொடங்கப் போனோம். வங்கிக்காரப் பெண்மணி எங்களைத் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டார். கார்டில் செலவு செய்தால் பணம் அன்றே கணக்கிலிருந்து போகட்டுமா, இல்லை மாதக் கடைசியில் மொத்தமாகப் போகட்டுமா? இவர் யோசிக்கவே இல்லை. அன்றே போகட்டும் என்றார். நான் மாதக் கடைசி என்றேன். பெரிய திட்டமெல்லாம் கிடையாது. தினம் தினம் அழுவதைவிட மாதத்துக்கு ஒரு தடவை அழுதால் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "ஏம்மா, நம்ம குடும்பத்துல கடன் வாங்குன முதல் ஆள் நீதான்." கடன் இல்லை, என் பணத்தைத்தான் எடுக்கிறார்கள், கொஞ்சம் தள்ளி எடுக்கிறார்கள் என்று எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. அதிலும் அந்த ஊர் வழக்கப்படி கார்டின் முகப்பிலேயே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அவருடையதில் டெபிட், என்னுடையதில் கிரெடிட். அன்றிலிருந்து நான் கடன்காரி. "கடன்காரி, காபி ஆச்சா?" "கடன்காரி, கிளம்பலாமா?" பத்து வருடமாக இதே பாட்டு.

போன வருடம் அவருக்கு நியூ ஜெர்ஸிக்கு மாற்றலாகி, பார்சிப்பனிக்கு வந்து சேர்ந்தோம். வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இந்த ஊரில் கிரெடிட் கார்டு வேண்டுமென்றால் ஏற்கெனவே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய சரித்திரம் வேண்டுமாம். படிப்புக் கடனுக்குப் பிறகு கடன் பக்கமே போகாத உத்தமருக்கு இங்கே சரித்திரமே இல்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே இன்னும் அந்தப் பிரெஞ்சுக் கார்டுகளை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் டெக்ஸஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கும் என் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தரித்திருந்தாள். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் அழுது தீர்த்துவிட்டு, "அம்மா ஸ்தானத்துல நீ நின்னு மொத வளையலப் போடு கண்ணு," என்று என்னிடம் ஒப்படைத்திருந்தாள். சனிக்கிழமை. பத்தரை வரை ராகுகாலம். அது கழிந்து பன்னிரண்டு மணிக்குள் முதல் வளையல் ஏறிவிட வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்ததும் அம்மாதான்.

எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. வீட்டில் சமைத்துக் கொடுக்கும் ஒரு ஆன்ட்டியிடம் புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம் என்று ஏழு வகையைப் பெரிய பெரிய ட்ரேக்களில் சொல்லி வைத்திருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் வளைகாப்பு நடக்கும் ஹாலில் பலூன் கட்டிக்கொண்டிருப்பார். ஆகவே ஹூஸ்டனில் இறங்கி, வாடகைக்கு வண்டி எடுத்து, சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு போக வேண்டியது நாங்கள். வண்டிக்கு இவர் இரண்டு வாரம் முன்னாலேயே பணம் கட்டிவிட்டார். ஓட்டப் போவதும் அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் நான் வண்டியைத் தொட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. துலூஸில் ஒரு மழைநாளில், ரவுண்டானாவில், சைக்கிளில் வந்த ஒருவரை என் வண்டியின் பக்கக் கண்ணாடி உரசிவிட்டது. விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. என்மேல் தவறில்லை என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனிதரும் ஆஸ்பத்திரியிலிருந்தபடியே எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். ஆனாலும் மறுநாள் என்னால் சாவியை எடுக்க முடியவில்லை. கணவர் ஒரு வார்த்தை பேசாமல் தானே ஓட்ட ஆரம்பித்தார். முதலில் அது எனக்குப் பரிவாகத் தெரிந்தது. மாதங்கள் போகப் போக, நீ இதற்கு லாயக்கில்லை என்று சொல்லாமல் சொல்கிறாரோ என்று பட ஆரம்பித்தது. கேட்கவும் ரோஷம் விடவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நான்கு வருடம் வேடிக்கை பார்த்தேன்.

ஹூஸ்டனில் வாடகை வண்டிக் கவுன்ட்டரில் எங்கள் முறை வந்தபோது மணி பத்து. கவுன்ட்டரில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் ஹனி என்று கூப்பிட்டார். இவர் கார்டை நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரி ஹனி, இது டெபிட்," என்றார். வண்டி வாடகை கட்டியாகிவிட்டது, சரி. ஆனால் டெபாசிட்டாக நானூறு டாலரைக் கார்டில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு கிரெடிட் கார்டுதான் வேண்டும். டெபிட் கார்டு என்றால் இந்த நாட்டில் கடன் சரித்திரம் பார்ப்பார்கள். பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை என்று கணினி சொன்னது.

"என் அக்கவுன்ட்ல பணம் இருக்குங்க, இப்பவே எடுத்துக்கங்க," என்று இவர் ஆங்கிலத்தில் மன்றாடினார். கைபேசியில் இருப்புத் தொகையைக்கூடக் காட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு பைசா கடன் வைக்காத மனிதரை, அந்தக் காரணத்துக்காகவே நம்பமாட்டேன் என்கிறார்கள். முகம் சுண்டிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கைப்பையைத் திறந்து என் கார்டை எடுத்து வைத்தேன். கிரெடிட் என்ற எழுத்து மேலே தெரியும்படிதான் வைத்தேன். பத்து வருடம் காத்திருந்த தருணம், அதை எப்படி விடுவது?

இயந்திரம் மறுத்துவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. பிரெஞ்சுக் கார்டில் முப்பது நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. இந்தப் பயணத்துக்கான விமான டிக்கெட்டும் புது வீட்டுச் சாமானும் அதைத் தின்றுவிட்டிருந்தன. வங்கியின் செயலியைத் திறந்து வரம்பை உயர்த்தி, ரகசிய எண்ணைப் போட்டு, மறுபடி செருகச் சொன்னேன். இரண்டு நிமிடம். ஏற்றுக்கொண்டது.

"அப்படியானால் வண்டி உங்கள் பெயரில், ஹனி. உங்கள் லைசன்ஸ்?" என்றார் அந்தப் பெண்மணி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. யார் கார்டோ அவர்தான் முதன்மை ஓட்டுநர், அது விதியாம். என் இளஞ்சிவப்பு பிரெஞ்சு லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். கணவரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஒரே முகவரியில் இருக்கும் தம்பதி என்றால் இலவசம் என்றார். பிரெஞ்சு லைசன்ஸில் முகவரியே கிடையாது. இவர் பெயருக்குப் பின்னால் இவர் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதற்கு அந்தக் கவுன்ட்டரில் எங்கள் முகத்தைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அப்படியானால் கூடுதல் ஓட்டுநருக்கு நாளொன்றுக்குத் தனிக் கட்டணம் என்றார்.

விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க யோசிக்கிற மனிதர், விலையைக்கூடக் கேட்காமல், "ஆட் பண்ணிடுங்க," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்குக் கட்டணம் கட்டியாவது என் கையில் சாவி வராமல் பார்த்துக்கொள்கிறாரே! என் தங்கை, என் கார்டு, நான் போடப்போகிற வளையல். "வேண்டாம். ஆட் பண்ணாதீங்க. நானே ஓட்டறேன்," என்று சொன்னது நான்தான். சொல்லி முடித்த மறுகணமே வாபஸ் வாங்கிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அந்தப் பெண்மணி என் கையெழுத்தை வாங்கிவிட்டார்.

சின்ன வண்டிதான் பதிவு செய்திருந்தோம். சின்னது தீர்ந்துவிட்டது, அதே விலைக்குப் பெரியது தருகிறேன் என்று மலர்ச்சியோடு சாவியைக் கொடுத்தார். டெக்ஸஸில் பெரியது என்றால் என்ன என்று வண்டியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏறுவதற்கே படி வைத்திருந்தார்கள். எங்கள் துலூஸ் சமையலறை இதைவிடச் சின்னது.

கண்ணாடி வளையல் பெட்டியை இவர் மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளப்பினேன். இதில் கிளட்ச் கிடையாது. என் இடது கால் மட்டும் பழக்கதோஷத்தில் அதைத் தேடித் துழாவிக்கொண்டே இருந்தது. ஃப்ரீவேயில் சேரும் இடத்தில் லாரிகள் மதில்சுவர்போல வரிசையாக வந்தன.

"இப்பப் போ... இல்ல, இரு... சரி, உன் இஷ்டம்," என்றார்.

"வாய மூடிட்டு வளையலப் பிடிங்க," என்றேன்.

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. என் இடது கால் கிளட்சைத் தேட, அவர் வலது கால் பிரேக்கைத் தேட, அப்படியே முக்கால் மணி நேரம் ஓட்டி ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே ட்ரேக்களை அடுக்கி வைத்திருந்தார். ஏற்றி முடித்தபோது பதினொன்றரை. ஹால் பத்து நிமிடத் தொலைவு. தங்கையிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன.

ஹாலுக்குத் திரும்பும் சாலையில்தான் அது நடந்தது. முன்னால் சைக்கிள்கள். சனிக்கிழமைக் காலைச் சவாரிக்கு வந்த வயதானவர்கள், ஏழெட்டுப் பேர், பளபளவென்ற சட்டைகளோடு சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்திப் போக இடம் இருந்தது. என் கால்தான் மறுத்தது. அவர்கள் வேகத்துக்கு வண்டியை ஊர விட்டேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவன் அடித்தான். கடிகாரம் பதினொன்று நாற்பது. அந்த மழையும் அந்த மனிதர் விழுந்த சத்தமும் அப்படியே வந்து நின்றன. என் தங்கை ஒன்பது வருடம் காத்திருந்தது இந்த மணை ஏறத்தானே, அதையும் கெடுத்துவிடப் போகிறேனே என்று கண் நிறைந்துவிட்டது.

நிறுத்து, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன், உண்மையாகவே.

"மெதுவாவே போ," என்றார். "ஹாரன் அடிக்கறவன் அடிக்கட்டும். அவன் தங்கச்சிக்கா வளைகாப்பு?"

எதிர்ப்பக்கம் ஒரு வண்டிகூட இல்லாமல் காலியாகும் வரை அப்படியே ஊர்ந்தேன். பிறகு நன்றாக ஒதுங்கி, அடுத்த தடத்துக்கே போய், கடைசி சைக்கிளையும் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையை உயர்த்தி நன்றிகூடச் சொன்னார்.

"நீயாக் கேப்பேன்னு நாலு வருஷமா சாவிய வீட்டு ஹால் ஆணியிலதான் மாட்டி வச்சிருந்தேன்," என்றார் இவர், சாலையைப் பார்த்தபடியே. "நான் எடுத்து நீட்டுனா உன்னக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு இருந்துட்டேன்."

"பின்ன எதுக்குக் கவுன்ட்டர்ல காசு கட்டறேன்னீங்க?"

"லைசன்ஸ் கேட்டதும் உன் மூஞ்சியப் பாத்தேன். வெளுத்துப் போயிருந்துச்சு. அதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான்கு வருடம்! அந்தச் சாவி ஆணியில் தொங்கியதை நானும் தினம் பார்த்தேன்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும் என்று சத்தம் போட்டேன். நானும் கேட்கவில்லையே என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் வளையல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஹால் வாசலுக்கு நிறைமாத வயிற்றோடு தங்கையே வந்துவிட்டாள். ஓட்டுநர் பக்கத்திலிருந்து படியில் கால்வைத்து நான் இறங்குவதைப் பார்த்தவள், "அக்கா, நீயா ஓட்டிட்டு வந்தே?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டதை மறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது முதல் வளையலைப் போட்டேன். கைபேசியில் அம்மா குலவையே போட்டுவிட்டாள். பெட்டியில் ஒரு வளையல்கூட உடைந்திருக்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரத்தில் டெபாசிட்டை விடுவித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று சாயங்காலம் வங்கிச் செயலியைத் திறந்தபோது, வரம்பை உயர்த்தும் இடத்துக்குக் கீழேயே கார்டு வகையை மாற்றும் வசதியும் இருந்ததைக் கவனித்தேன். "என்னங்க, உங்க கார்டையும் மாத்திக்கலாம். ரெண்டே நிமிஷம். அடுத்த தடவை உங்க பேர்லயே வண்டி எடுக்கலாம்," என்றேன்.

"எதுக்கு? நமக்கெல்லாம் கடன் ஆகாது," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் தங்கையின் குழந்தையைப் பார்க்க மறுபடி கேட்டி போகிறோம். வண்டியை அவர்தான் பதிவு செய்தார். அச்செடுத்த தாளை நேற்று மேஜைமேல் பார்த்தேன். ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரை நிரப்பியிருந்தார். கூடுதல் ஓட்டுநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.