மூன்றரை மணிக் கடை

என் சித்தியின் கடை பகல் முழுவதும் திறந்துதான் இருக்கும். ஆனால் அது கடையாக இருந்தது இரண்டு மணி நேரம்தான். விடிகாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை. எதிரே மொத்தக் காய்கறிச் சந்தையின் பின்வாசல். மூன்று மணிக்கு லாரிகள் வரிசை கட்டும். ஐந்தரைக்குள் அத்தனை மூட்டையும் இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு அந்தத் தெருவில் நாய்கூட நிற்காது. பகலில் வருகிறவர்கள் தீப்பெட்டி கேட்பார்கள், வழி கேட்பார்கள். டீ கேட்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

லோடுமேன்களுக்கு மேஸ்திரி கொடுக்கும் இடைவேளை பத்தே நிமிடம். கை கழுவ நேரம் கிடையாது. அதனால் சித்தி ரொட்டிக்குள் அவித்த முட்டையை வைத்துத் தாளில் சுருட்டி, தாளைப் பிடித்துக்கொண்டே தின்னும்படி கொடுப்பாள். டீயை ஒரே டம்ளரில் நிறைய ஊற்றாமல் இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றுவாள். ஒன்றைக் குடிப்பதற்குள் இன்னொன்று ஆறியிருக்கும். "நாக்க வேகவச்சுக்கவா இங்க வர்றீங்க?" என்பாள். கல்லூரியில் எனக்கு மேலாண்மைப் பாடம் எடுத்தவர் யாரும் இதைவிட நல்ல உதாரணம் சொல்லவில்லை.

சித்தப்பாவும் லோடுமேனாக இருந்தவர்தான். ஒரு மூட்டை சரிந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சித்தி அந்தக் கடையைப் பிடித்தாள். சித்தப்பா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முட்டை உரிப்பார். கையால் முட்டையையும் வாயால் வருகிறவர்களையும்.

"ஏண்டா, இப்படிக் கூன் போட்டு நிக்கிறே? நீ மூட்டையத் தூக்குறியா, மூட்டை உன்னத் தூக்குதா?"

"உங்க இடம் காலியாயிடுச்சுல்ல அண்ணே, அதையும் சேர்த்து நான்தான் தூக்குறேன்."

"தூக்குடா தூக்கு. ரெண்டு வருஷத்துல என் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்."

சித்தி அடுப்பிலிருந்து திரும்பாமலே அதட்டுவாள். "காலங்காத்தால வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்."

கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த நான் மூன்று வருடமும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். கடைக்கு நாலு தெரு தள்ளி, ஒரே அறையும் சமையல் மறைப்பும் உள்ள வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. நிமிர்ந்த பிறகுதான் மற்றது ஞாபகத்துக்கு வரும்.

நான் பட்டம் வாங்கிய அதே மாதம், உணவு விற்கிற கடைகள் எல்லாம் நகராட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற கடைக்காரர்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு எழுதிக் கொடுக்கிறவரிடம் போனார்கள். சித்தி போகவில்லை. "எங்க வீட்லயே பட்டதாரி இருக்கான், நான் எதுக்கு வெளியாள்கிட்ட போகணும்?" என்று தெரு முழுவதும் கேட்கச் சொன்னாள்.

கடை மேசையைத் துடைத்து, அதன் மேல் செய்தித்தாள் விரித்து எழுத உட்கார்ந்தேன். கடையின் நீளம், அகலம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோராவது கட்டத்தில் வியாபார நேரம் கேட்டிருந்தது.

"மூணரைன்னு எழுதுடா."

எழுதவில்லை. மூன்றரை என்று போட்டால் ஆபீசில் கண்ணை உறுத்தும், ஏன் எதற்கு என்று ஆள் அனுப்புவார்கள் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டினேன். கேள்வியே இல்லாமல் ஒரே வாரத்தில் சான்றிதழ் வர வேண்டும், அதை வாங்கிக் கொடுத்தவன் நானாக இருக்க வேண்டும். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை என்று முத்து முத்தாக எழுதினேன். அவளிடம் சொல்லக்கூட இல்லை. இதெல்லாம் அவளுக்கு எதற்கு என்று நினைத்தேன். கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினேன்.

ஒரே வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள். எனக்கும் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் ஓடியது.

சந்தைக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. தூக்கம் கெடுகிறது என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். லாரிகளை யாராலும் நிறுத்த முடியாது. ஊருக்கே காய்கறி வேண்டுமே. ஆகவே கடைகளை நிறுத்தினார்கள். அந்த வாரம் விடுமுறையில் வந்திருந்த நானேதான் ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீசைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். உணவுக் கடைகள் காலை ஆறு மணிக்கு முன் திறக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே பதிவு செய்தபோது அதற்கு முந்தைய நேரத்தைக் குறிப்பிட்டிருந்தவர்களுக்கு அந்த நேரமே தொடரும்.

சித்தி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நமக்கு ஒண்ணும் இல்லயே! நாமதான் அப்பவே மூணரைன்னு எழுதிட்டோமே. படிச்ச புள்ள வீட்ல இருந்தா இதுதான்."

அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை காகிதம் தொலைந்திருக்கும், ஒருவேளை எலி தின்றிருக்கும் என்று மூன்று நாள் ஓட்டினேன்.

நாலாவது நாள் நகராட்சி அலுவலகத்தில் எதுவும் தொலைந்திருக்கவில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை. சித்தியை உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல ஆறு மணின்னுதாம்மா இருக்கு."

சித்தி எழுத்தை மெதுவாகத்தான் படிப்பாள். எண்கள் நன்றாகத் தெரியும். அந்த ஆறைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான் சார்."

"எழுதினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "வாசல்ல யாரோ ஒருத்தர் எழுதினார் சார். நான் சொன்னதத்தான் எழுதினார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"சார், பன்னெண்டு வருஷமா இவங்க மூணரைக்குத்தான் திறக்கிறாங்க. சந்தையில நூறு பேர் சாட்சி சொல்வாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, படிச்சவரா தெரியுறீங்க. கொஞ்சம் யோசிங்க. நூறு பேர் வந்து சொன்னா என்ன ஆகும்? ஆறு மணின்னு எழுதிக் கொடுத்துட்டு மூணு வருஷமா விதிய மீறினாங்கன்னு ஆகும். பதிவையே ரத்து பண்ணணும். அத நான் கேட்கலன்னு வச்சுக்கிறேன்."

"இப்ப புதுசா எழுதிக் கொடுத்தா?"

"அந்தத் தெருவுக்கு இனிமே புது நேரம் கொடுக்கிறதில்ல."

இரண்டு கடை தள்ளி ஒரு பன் கடைக்காரர் உண்டு. ஏழு மணிக்கு முன் கண் விழித்ததில்லை. வாசலில் மேசை போட்டிருந்தவர் அவரிடம் எதுவுமே கேட்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய விண்ணப்பத்தில் இருபத்து நாலு மணி நேரம் என்று போட்டிருக்கிறார். இப்போது அந்த வரிசையில் விடிகாலையில் திறக்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான்.

"அவனா? வெயில் முதுகுல சுட்டாத்தான் புரண்டே படுப்பான்" என்று சித்தப்பா சிரித்தார். "எங்க பட்டதாரி ஐயா எழுதியிருந்தா இந்த அதிகாரி ஒத்த கேள்வி கேட்டிருக்க முடியுமா? வாசல்ல எவனோ எழுதினானாமே, அவன் கை விளங்காமப் போக."

வீடு திரும்பிய சித்தி அவரிடமும் அதே கதையைத்தான் சொல்லியிருந்தாள். அவள் என்னிடம் ஒப்படைத்ததும், நான் எழுதி முடித்ததும் அவருக்குத் தெரியாது. விண்ணப்பம் எழுதிய அந்த வாரம் அவர் இடுப்பு வைத்தியத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன் கடைக்காரர் எழுந்துவிட்டார். மனிதனுக்கு ஆதாயம் தெரிந்தால் தூக்கம் தானே கலையும். முழு டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ கொடுக்கிறார். லோடுமேன்கள் ஊதி ஊதிக் குடித்து, பாதியைக் கொட்டிவிட்டு ஓடுகிறார்கள். ஆனாலும் அங்கேதான் போக வேண்டும். சித்தி ஷட்டரை அரையடி தூக்கி வைத்து உள்ளிருந்தே கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நகராட்சி ஆட்கள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கே போனாள். கடைக்கு வெளியே விற்க வேறு அனுமதி வேண்டுமாம். சில லோடுமேன்கள் வேலை முடிந்து ஆறு மணி வரை காத்திருந்து அவளிடம் டீ குடித்தார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் அதுவும் நின்றது.

ஐந்து மாதம் கழித்துப் போனேன். கடைச் சொந்தக்காரர் காலி செய்ய மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருந்தார். பாத்திரங்கள் பாதி வீட்டுக்கு வந்துவிட்டன. பெரிய கெட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சித்தப்பா பேச்சைக் குறைத்திருந்தார். சாப்பிடும்போது மட்டும், "உன் கம்பெனியில உனக்குக் கீழ எத்தன பேரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நாலு பேர் என்றேன். "பாத்தியா" என்று சித்தியைப் பார்த்தார்.

தரையில் பாய் விரித்துப் படுத்தேன். விழிப்பு வந்தபோது இருட்டாக இருந்தது. சித்தி குளித்து, தலை வாரி, சேலை மாற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சந்தைப் பக்கமிருந்து லாரிகள் பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது.

"சித்தி, என்ன பண்றே?"

"முழிப்பு வந்துடுதுடா. உடம்புக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியல."

எழுந்து அவள் காலருகில் உட்கார்ந்தேன். "சித்தி, அன்னைக்கு நான் அந்தப் பேப்பர்ல..."

"மெதுவாப் பேசு. மனுஷன் இப்பத்தான் கண்ணு அசந்தாரு."

"நீ ஏன் என்ன ஒரு வார்த்த கூடத் திட்டல?"

"திட்டினா மூணரை ஆயிடுமா?"

சித்தப்பா தூக்கத்தில் முனகிப் புரண்டார். அவர் மூச்சு சீராகும் வரை அவள் காத்திருந்தாள். "அவருக்குத் தெரிய வேண்டாம். இந்த மனுஷனுக்குப் பெருமையாச் சொல்லிக்க உன்ன விட்டா இப்ப வேற எதுவும் இல்ல."

அவள் கையைப் பிடித்தேன். அடுப்புச் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை, சில்லென்று இருந்தது.

"மணி என்னடா?"

"மூணு நாப்பது."

"போய்ப் படு. நமக்கு ஆறு மணிக்குத்தான்" என்றாள். அவள் படுக்கவில்லை.